காந்த நாடாவிலிருந்து மூலபாடத்திற்கு: இயங்குதள மாற்றத்திற்குப் பின் பழைய காப்புநாடாக்களை மீட்டலும் பதிப்பியல் சிக்கல்களும்

ஆய்வுச் சுருக்கம்

1990களில் தமிழாய்வுத் தரவுகள் பல கணினியில் உள்ளிடப்பட்டுக் காந்த நாடாக்களில் காப்புப்படியாகச் சேமிக்கப்பட்டன. அவற்றை எழுதிய இயங்குதளமும் மென்பொருளும் வழக்கொழிந்த நிலையில், அந்நாடாக்களிலிருந்து தரவுகளை மீட்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. மீட்பு என்பது ஊடகம், கட்டமைப்பு, குறியேற்றம் என்னும் மூன்று அடுக்குகளில் நிகழ்கிறது. முதலிரண்டு அடுக்குகளில் பிழை நேர்ந்தால் தரவு கிட்டாது. மூன்றாம் அடுக்கில் பிழை நேர்ந்தால் தரவு கிட்டும், ஆனால் வேறு பாடமாகக் கிட்டும். எனவே நாடா மீட்பைக் கணினிப் பணியாக மட்டும் கருதாமல், மூலபாட ஆய்வின் ஒரு பகுதியாகவும் கொள்ள வேண்டும் என்பதை நாட்டார் பாடல் தொகுப்பொன்றின் மீட்பு அனுபவத்தின்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காப்புநாடா, இயங்குதளம், குறியேற்றம், ஒருங்குறி, மூலபாடம், பாடவேறுபாடு, வட்டார வழக்கு, ஒப்பாரி.

முன்னுரை

ஓலைச்சுவடிகள் அழியும் முன் அவற்றைப் பெயர்த்தெழுதிக் காக்கும் மரபு தமிழில் நெடியது. ஏடு சிதையலாம், ஆயினும் எஞ்சிய ஏட்டைக் கையில் எடுத்தால் எழுத்து கண்ணுக்குப் புலப்படும். காந்த நாடாவின் நிலை வேறு. நாடா சிதையாமல் இருந்தாலும் அதில் உள்ளது கண்ணுக்குத் தெரியாது. அதைப் படிக்கும் கருவி, அக்கருவியை இயக்கும் இயங்குதளம், எழுதப்பட்ட முறையை அறிந்த மென்பொருள், எழுத்துகளைக் காட்டும் எழுத்துரு ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தால்தான் நாடா பேசும். இவற்றுள் ஒன்று நீங்கினாலும் நாடா வெறும் நெகிழிச் சுருளாகிவிடுகிறது.

இக்கட்டுரையாளரின் முனைவர் பட்ட ஆய்வு ஒப்பாரிப் பாடல்களின் வட்டார வழக்குச் சொற்களைப் பற்றியது. அதற்கு அடிப்படையாக அமைய வேண்டிய பாடல் தொகுப்பொன்று, 1990களின் இறுதியில் தென்மாவட்டச் சிற்றூர்களில் களப்பணிவழித் திரட்டப்பட்டு, ஒரு தமிழ்த்துறையின் கணினியில் தட்டச்சு செய்யப்பட்டது. அக்கணினி விண்டோஸ் என்டி 4 இயங்குதளத்தில் இயங்கியது. தட்டச்சு செய்தவை அவ்வப்போது காப்புநாடாக்களில் பதியப்பட்டன. பின்னர்க் கணினிக்கூடம் லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறியது. பழைய கணினி கழிக்கப்பட்டது. களக் குறிப்பேடுகளைக் கறையான் அரித்துவிட்டது. ஒலிநாடாக்கள் வேறு பதிவுகளுக்கு மீண்டும் பயன்படுத்தப்பட்டுவிட்டன. பாடிய மூதாட்டியருள் பெரும்பாலோர் இன்று இல்லை. எஞ்சியவை இரும்பு அலமாரியில் கிடந்த ஏழு நாடாக்கள் மட்டுமே.

‘விண்டோஸில் எழுதிய நாடாவை லினக்ஸில் படிக்க இயலாது’ என்பதே அந்நாடாக்களைப் பற்றித் துறையில் நெடுநாள் நிலவிய கருத்தாகும். இக்கருத்து எந்த அளவுக்குச் சரி, எவ்விடத்தில் பிழை என்பதை ஆராய்வதிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

நாடா மீட்பு: சில முன் நிகழ்வுகள்

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1966, 1967ஆம் ஆண்டுகளில் நிலவைப் படமெடுக்க லூனார் ஆர்பிட்டர் என்னும் ஐந்து விண்கலங்களை அனுப்பியது. அவை அனுப்பிய படங்கள் நாடாக்களில் பதிவாயின. நாடாக்கள் காக்கப்பட்டன, அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 கருவிகளோ அருகிப்போயின. பழுதுற்ற சில கருவிகளைச் செப்பனிட்டு, 2008ஆம் ஆண்டில்தான் முதற்படம் மீட்கப்பட்டது. மாறாக, 1969ஆம் ஆண்டு அப்பல்லோ 11 பயணத்தின் மூலத் தொலையளவை நாடாக்கள் அழிக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்ற முடிவுக்கு அந்நிறுவனமே 2009ஆம் ஆண்டில் வந்தது.

இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட நிலக்கணக்கேடான டூம்ஸ்டே நூலின் 900ஆம் ஆண்டு நினைவாக, 1986ஆம் ஆண்டில் பிபிசி நிறுவனம் ஒளித்தட்டுகளில் ஒரு புதிய தொகுப்பை வெளியிட்டது. அதற்கெனக் குறிப்பிட்ட கணினியும் தட்டு இயக்கியும் தேவைப்பட்டன. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தட்டுகளைப் படிப்பதே அரிதாயிற்று. தோலில் எழுதிய பழைய ஏடோ இன்றும் படிக்கத்தக்கதாக உள்ளது.

இந்நிகழ்வுகளிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. எண்மத் தரவு ஊடகச் சிதைவால் மட்டும் இழக்கப்படுவதில்லை. அதைப் படிப்பதற்கான அறிவும் கருவியும் ஊடகத்திற்கு முன்பே மறைந்துவிடுவதாலும் இழக்கப்படுகிறது.

மூன்று அடுக்குகள்

நாடாவில் உள்ள ஒரு தமிழ்ப் பாடல் நம்மை வந்தடைய மூன்று அடுக்குகளைக் கடக்க வேண்டும். நாடாவின் காந்தப் பதிவை எண்களாகப் பெறுவது ஊடக அடுக்கு. அவ்வெண் தொடரில் எது கோப்பின் பெயர், எது உள்ளடக்கம் எனப் பிரித்தறிவது கட்டமைப்பு அடுக்கு. உள்ளடக்கத்தின் எண்கள் எவ்வெழுத்துகளைக் குறிக்கின்றன எனக் காண்பது குறியேற்ற அடுக்கு. ஓலைச்சுவடியோடு ஒப்பிட்டால், ஏட்டைப் பிரித்துத் தூய்மை செய்தல், ஏடுகளின் வரிசையையும் நூலின் தொடக்க முடிவுகளையும் காணுதல், புள்ளியும் நெடில் வேறுபாடும் இல்லாத எழுத்தைப் படித்துப் பாடம் கொள்ளுதல் ஆகிய மூன்று நிலைகளுக்கு இவை இணையாகும்.

இயங்குதள மாற்றம் நேரடியாகப் பாதிப்பது இரண்டாம் அடுக்கையே ஆகும். விண்டோஸ் எழுதிய நாடாவின் காந்தப் பதிவை லினக்ஸ் தடையின்றிப் படிக்கும். அதன் பொருளைத்தான் தானாக அறியாது. ‘படிக்க இயலாது’ என்ற துறையின் கருத்து, பொருள்கொள்ள இயலாமையைப் படிக்க இயலாமையாகக் கொண்டதன் விளைவு எனலாம்.

ஊடக அடுக்கு: நாடாவும் கருவியும்

இங்குக் குறிப்பிடப்படும் நாடாக்கள் டிடிஎஸ் வகையைச் சார்ந்தவை. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமுடைய இவ்வகை நாடா 1989ஆம் ஆண்டில் அறிமுகமானது. 90 மீட்டர் நீளமுடைய முதல் தலைமுறை நாடா 2 கிகாபைட்டும், 120 மீட்டர் நீளமுடைய இரண்டாம் தலைமுறை நாடா 4 கிகாபைட்டும் கொள்ளும். பின்வந்த கருவிகள் எல்லாம் முன்வந்த நாடாக்களைப் படிக்கும் என எண்ணுவது பிழை. காட்டாக, இதே வரிசையில் பின்னர் வந்த டேட் 160 கருவி, டிடிஎஸ்-4 நாடாவுக்கு முற்பட்டவற்றை ஏற்பதில்லை. இன்று பெருநிறுவனங்கள் பயன்படுத்தும் எல்டிஓ வகையிலும், எட்டாம் தலைமுறைக் கருவி ஏழாம் தலைமுறை நாடாவை மட்டுமே பின்னோக்கிப் படிக்கும். ஆறாம் தலைமுறை நாடாவைப் படிக்காது. எனவே நாடாவின் தலைமுறையை முதலில் அறிந்து, அதற்கேற்ற கருவியைத் தேடுதல் வேண்டும். இம்மீட்புக்குத் தேவையான டிடிஎஸ்-3 கருவி, சென்னை ரிச்சி தெருவின் பழைய கணினி உதிரிப்பொருள் கடையொன்றில் கிட்டியது. அதை இணைக்க ஸ்கசி அட்டையும், அதற்குரிய கம்பிவடமும், முனையடைப்பானும் தனித்தனியே தேட வேண்டியிருந்தது.

கருவி கிட்டியவுடன் நாடாவை இடுவது முறையன்று. நாடாவின் உறைச்சீட்டை முதலில் படமெடுத்தல் வேண்டும். நாளும் வரிசை எண்ணும் அச்சீட்டில் மட்டுமே இருக்கக்கூடும். பூஞ்சை படிந்த நாடாவைத் தூய்மை செய்யாமல் இட்டால் கருவியின் சுழல்தலை கெடுவதோடு, அடுத்து இடப்படும் நாடாவும் கெடும். எழுத்துத் தடுப்புத் தாழ்ப்பாளைத் துளை திறந்திருக்கும் நிலைக்குத் தள்ளிவிட வேண்டும். இது மிக இன்றியமையாதது. ஏனெனில் பழைய நாடாவில் தவறிச் சிறிதளவு எழுதிவிட்டாலும், எழுதிய இடத்தில் ‘தரவு முடிவு’ என்னும் குறி இடப்படுகிறது. அக்குறிக்கு அப்பால் பழைய பதிவு அப்படியே இருந்தாலும் வழக்கமான கருவி அதைத் தாண்டிச் செல்ல மறுக்கும். ஏழு நாடாக்களுள் ஒன்று இவ்வாறே பிற்காலத்தில் யாராலோ வேறு பணிக்குச் சிறிது பயன்படுத்தப்பட்டிருந்தது. அதன் பிற்பகுதி இன்றளவும் கிட்டவில்லை.

லினக்ஸில் படிக்கும்போது தொடக்கநிலை ஆய்வாளர் மூன்று இடங்களில் இடறக்கூடும். இக்கட்டுரையாளரும் அம்மூன்றிலும் இடறியவரே.

முதலாவது, ஒரே நாடாக் கருவிக்கு லினக்ஸ் இரு பெயர்களை வழங்குகிறது. ‘எஸ்டி0’ என்னும் பெயரால் படித்தால், ஒவ்வொரு முறை படித்து முடித்ததும் நாடா தொடக்கத்திற்குச் சுற்றப்பட்டுவிடும். ‘என்எஸ்டி0’ என்னும் பெயரால் படித்தால், நிறுத்திய இடத்திலேயே நிற்கும். முதற்பெயரால் எத்தனை முறை படித்தாலும் முதற்பகுதியே மீண்டும் மீண்டும் கிட்டும்.

இரண்டாவது, நாடாவில் தரவு துண்டங்களாகப் பதியப்படுகிறது. துண்டத்தின் அளவைவிடச் சிறிய அளவில் படிக்க முயன்றால், ‘நினைவகம் ஒதுக்க இயலவில்லை’ என்னும் பொருள்படும் பிழைச்செய்தி தோன்றும். இதை நாடாவின் பழுது எனக் கருதுவோர் பலர். துண்ட அளவை மாறும் நிலைக்கு அமைத்து, படிக்கும் அளவைப் பெரிதாக, காட்டாக 256 கிலோபைட் எனக் கொடுத்தால் இத்தடை நீங்கும்.

மூன்றாவது, நாடாவின் பகுதிகளுக்கிடையே கோப்பு முடிவுக்குறிகள் உள்ளன. ‘டிடி’ கட்டளை ஒரு குறியை எட்டியதும் நின்றுவிடும். விண்டோஸ் காப்புநாடாவில் முதற்குறிக்கு முன் இருப்பது நாடாவைப் பற்றிய சிறு தலைப்பு மட்டுமே. அதை மட்டும் படித்துவிட்டு, ‘நாடா வெறுமையாக உள்ளது’ என முடிவு செய்தல் எளிது. நாடா முடியும்வரை கட்டளையைத் திரும்பத் திரும்ப இயக்கி, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிப் படிமமாகச் சேமித்தல் வேண்டும்.

இவ்வாறு பெற்ற படிமங்களுக்குச் சரிபார்ப்பு எண்களைக் கணக்கிட்டு எழுதி வைத்த பின்னர், நாடாவை மீண்டும் தொடாதிருத்தல் நலம். இனிச் செய்யும் ஆய்வெல்லாம் படிமத்தின் படியிலேயே நிகழ வேண்டும்.

கட்டமைப்பு அடுக்கு: மென்பொருளின் வழக்கொழிவு

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ‘டார்’ போன்ற பொது வடிவங்களில் நாடா எழுதப்பட்டிருந்தால் இவ்வடுக்கு எளிதில் கடக்கப்படும். விண்டோஸ் என்டி இயங்குதளத்தின் காப்பு மென்பொருளோ மைக்ரோசாஃப்ட் நாடா வடிவம் என்னும் வேறொரு வடிவத்தைப் பயன்படுத்தியது. 2007ஆம் ஆண்டில் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த விஸ்டாவில் அம்மென்பொருள் நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த மென்பொருளில் நாடாவில் எழுதும் வசதி இல்லை. இது வணிக நிறுவனங்களின் வழக்கம் மட்டுமன்று. நெகிழ்தட்டு இணைப்பில் இயங்கிய சிறு நாடாக் கருவிகளுக்கான ‘எஃப்டேப்’ நிரலை லினக்ஸும் தன் 2.6.20ஆம் கருவகப் பதிப்பிலிருந்து நீக்கியது. பயன்படுத்துவோர் அருகினால் எந்த இயங்குதளமும் பழையதைக் கைவிடும்.

நற்பேறாக, மைக்ரோசாஃப்ட் நாடா வடிவத்தின் விவரக்குறிப்பு 1997ஆம் ஆண்டில் ஆவணமாக வெளியிடப்பட்டது. அதன்படி ஒவ்வொரு பகுதியும் நான்கு ஆங்கில எழுத்துகளாலான அடையாளச் சொல்லோடு தொடங்குகிறது. நாடாவின் தொடக்கம், காப்புத் தொகுதியின் தொடக்கம், வட்டின் பெயர், அடைவு, கோப்பு, தொகுதியின் முடிவு என ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. கோப்பின் பெயரும் நாளும் அடையாளப் பகுதியிலும், உள்ளடக்கம் அதனை அடுத்தும் அமைகின்றன. இவ்விவரங்களின் அடிப்படையில் லினக்ஸில் இவ்வடிவத்தைப் பிரித்துத் தரும் கட்டற்ற நிரலும் உள்ளது. அதன் துணையால் நலமாக இருந்த நாடாக்களின் கோப்புகள் அடைவு வரிசை மாறாமல் கிட்டின.

ஒரு நாடாவில் இடையே சில துண்டங்கள் சிதைந்திருந்தன. அவ்விடத்தில் நிரல் நின்றுவிட்டது. கோப்பு அடையாளம் ஒவ்வொரு கோப்பின் முன்னும் மீண்டும் வருவதால், சிதைவுக்கு அப்பால் அடுத்த அடையாளச் சொல்லைத் தேடி அங்கிருந்து தொடர முடிந்தது. முற்றும் இழந்தவை சிதைவு நேர்ந்த இடத்துக் கோப்புகள் மட்டுமே. இடையில் ஏடு முறிந்த சுவடியில் அடுத்த செய்யுளின் தொடக்கத்தைக் கண்டு பதிப்பைத் தொடரும் முறையை இது ஒத்துள்ளது. அவ்வாறு தொடரும்போது விடுபட்ட இடத்தைச் சுட்டாமல் விடுவது பதிப்புக் குற்றமாகும். நாடா மீட்பிற்கும் இது பொருந்தும்.

நாடா வடிவத்தின் விவரக்குறிப்பு அச்சிடத்தக்க ஆவணமாக வெளிவந்திருந்ததாலேயே இவ்வடுக்கைக் கடக்க முடிந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. மென்பொருள் மறைந்த பின்னும், அதன் இலக்கணம் எழுத்தில் எஞ்சியது.

குறியேற்ற அடுக்கு: எழுத்தும் பாடமும்

கோப்புகள் கிட்டியவுடன் பாடல்கள் கிட்டிவிடவில்லை. திறந்தவுடன் தோன்றியவை பொருளற்ற இலத்தீன் எழுத்துகளே. ஒருங்குறியில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், 1990களில் தமிழ்த் தட்டச்சு 8 பிட் எழுத்துருக்களிலேயே நிகழ்ந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றத்தை வகுத்துக்கொண்டது. இணையத் தமிழர்களின் கலந்துரையாடலில் டிஸ்கி உருவானது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் தரங்கள் வகுக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 என்பதையும் தரங்களாக ஏற்றது. இம்மீட்பில் கிட்டிய கோப்புகளோ இவற்றுள் எதிலும் அடங்காத, பெயர் மட்டும் எஞ்சிய ஓர் எழுத்துருவில் இருந்தன.

குறியேற்ற அட்டவணை இல்லாத நிலையில், கோப்புகளின் அமைப்பே திறவுகோலாயிற்று. ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் ‘பாடல் எண்’, ‘பாடியவர்’, ‘ஊர்’, ‘பதிவு செய்த நாள்’ என்னும் தொடர்கள் மாறாமல் இடம்பெறும் என்பது அக்களப்பணியில் பங்கேற்ற பேராசிரியர் ஒருவரின் நினைவிலிருந்து அறியப்பட்டது. மீண்டும் மீண்டும் வரும் அவ்வெண் தொடர்களோடு இச்சொற்களைப் பொருத்தியபோது அடிப்படை எழுத்துகள் விளங்கின. ஊர்ப்பெயர்கள் மேலும் சிலவற்றைத் தந்தன. அருகி வரும் எழுத்துகளைச் சொற்சூழல்வழித் துணிய வேண்டியிருந்தது.

இவ்வடுக்கில் மறைந்திருக்கும் இடர்கள் பல. சொற்செயலிகள் ஆங்கிலத்துக்கென அமைந்தவை. எனவே வரியின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கு வசதி, இலத்தீன் எழுத்தின் எண்ணை மாற்றித் தமிழில் வேறெழுத்தைத் தோற்றுவித்துவிடும். டிஸ்கியில் இகரத்துக்கு உரிய 173ஆம் இடம், விண்டோஸின் இலத்தீன் குறியேற்றத்தில் கண்ணுக்குத் தெரியாத மென் இணைப்புக்குறிக்கு உரியது. அதனால் சில மென்பொருள்களில் இகரம் மறைந்துபோவதுண்டு. இவை போன்றவை ஒழுங்காக நிகழ்வதால் கண்டுபிடித்துத் திருத்தத்தக்கவை. ஆனால் வேறொரு வகைச் சிக்கல் தமிழறிவின்றித் தீராதது. அதனை மூன்று நிலைகளாகப் பகுக்கலாம்.

அ) எழுத்திலக்கணத்தால் தீர்வன

8 பிட் எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னே தட்டச்சாகும். ஒருங்குறியிலோ பின்னே அமையும். இவ்வரிசை மாற்றத்தை நிரல் செய்துவிடும். சிக்கல் ஔகார உயிர்மெய்யில் எழுகிறது. ஔகாரத்தின் பின்குறியும் ளகரமும் வடிவத்தால் ஒன்றாதலின், அவ்வெழுத்துருவில் இரண்டுக்கும் ஒரே எண்ணே வழங்கப்பட்டிருந்தது. எனவே கொம்பு, ககரம், ளகரம் என்னும் தொடர் ‘கௌ’ எனவும் ஆகலாம்; ‘கெ’, ‘ள’ என ஈரெழுத்தாகவும் ஆகலாம். கண்மூடித்தனமாக மாற்றும் நிரல் ‘தெளிவு’ என்னும் சொல்லில் தகரத்தை ஔகாரமாக்கி, எஞ்சிய இகரக் குறியை அந்தரத்தில் விட்டுவிடும். ளகரத்தை அடுத்து வேறோர் உயிர்க்குறி வந்தால் அது மெய்யெழுத்தே என்னும் விதியால் இது தீரும். அவ்வாறே ரகர மெய்க்குப் பதிலாகக் காலும் புள்ளியும் இட்டுத் தட்டச்சு செய்த ‘அவா்’ போன்ற வடிவங்களையும் திருத்தலாம். உயிர்க்குறியின்மேல் புள்ளி வருதல் தமிழில் இல்லை ஆதலின் இங்கு ஐயத்துக்கு இடமில்லை. திருத்தாவிடில், ‘அவர்’ எனத் தேடும் ஆய்வாளருக்கு இவ்வடிவங்கள் ஒருபோதும் அகப்படா.

ஆ) சொல்லால் தீர்வன

‘பௌர்ணமி’, ‘வௌவால்’ ஆகியவற்றில் ஔகாரம் என்பதை அகராதி உறுதிசெய்யும். ஆனால் வட்டார வழக்கில் அகராதி போதாது. கிழக்கு என்பது தென்மாவட்டப் பேச்சில் ‘கெளக்கு’ என வழங்கும். கெ, ள, க், கு என நான்கு எழுத்து. உழக்கு என்னும் அளவை ‘ஒளக்கு’ என வழங்கும். ஒ, ள, க், கு. பொதுத்தமிழ் அகராதியை மட்டும் அறிந்த நிரல் முன்னதைக் ‘கௌக்கு’ எனவும் பின்னதை ‘ஔக்கு’ எனவும் மாற்றிவிடும். அல்லது பிழைதிருத்தி ‘கிழக்கு’, ‘உழக்கு’ எனத் திருத்திவிடும். முன்னது இல்லாத சொல்லைப் படைக்கிறது. பின்னது இருந்த சொல்லை அழிக்கிறது. வழக்குச் சொல்லையே ஆய்வுப்பொருளாகக் கொண்டவருக்கு இரண்டாவதே பெரிய இழப்பாகும். ஏனெனில் முதற்பிழை கண்ணை உறுத்தும். இரண்டாம் பிழை உறுத்தாது.

இ) பாடலால் தீர்வன

எழுத்திலக்கணமும் சொல்லும் இரு பாடங்களுக்கும் இடந்தரும் நிலை உண்டு. கெ, ள, வி எனப் பிரித்தால் அது கிழவி என்பதன் வழக்கு வடிவம். கௌ, வி எனப் பிரித்தால் ‘கவ்வி’ என்னும் பொருள்தரும் வினையெச்சம். அச்சில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வடிவில் தோன்றும். பழைய எழுத்துருவில் இரண்டும் ஒரே எண் தொடர். பாடிய மூதாட்டியின் வாயில் இரண்டும் வேறு ஒலி. தட்டச்சு செய்தவரின் மனத்திலும் வேறு சொல். நாடாவில் அவ்வேறுபாடு பதியவே இல்லை. இவ்விடத்தில் பாடலின் பொருள், எதுகை, அதே பாடகியின் பிற பாடல்களில் அச்சொல் வரும் முறை ஆகியவற்றைக் கொண்டே பாடம் துணிய வேண்டும். ஒப்பாரியில் இறந்தோரை விளித்துப் புலம்பும் அடியாயின் முதற்பாடமும், விலங்கோ பறவையோ செய்யும் செயலைக் கூறும் அடியாயின் இரண்டாம் பாடமும் பொருந்தும். துணிய இயலாத இடங்களில் ஒன்றை ஏற்று மற்றதைப் பாடவேறுபாடாகக் காட்டுதலே நேர்மையாகும்.

1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள், ஏட்டில் புள்ளியின்மையாலும் குறில் நெடில் வேறுபாடின்மையாலும் எதிர்கொண்ட இடர்ப்பாட்டின் மறுவடிவமே இது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணினியில் எழுதப்பட்ட பாடமும், எழுத்து வரிவடிவின் குறைபாட்டால் அதே மூலபாடச் சிக்கலுக்கு உள்ளாகிறது.

அழித்த பகுதிகளும் ஆய்வறமும்

அக்காலத்துச் சொற்செயலியில் ‘விரைவுச் சேமிப்பு’ என்னும் வசதி இருந்தது. அதன்படி கோப்பு முழுவதும் புதிதாக எழுதப்படாமல், மாற்றங்கள் மட்டும் இறுதியில் சேர்க்கப்படும். பயனர் நீக்கிய பகுதிகள் திரையில் தோன்றாமல் கோப்பினுள் தங்கிவிடும். நேரடியாக எண்களைப் பிரித்தெடுக்கும்போது அப்பகுதிகளும் வெளிப்பட்டன. சில பாடல்களில் இறந்தவரின் இயற்பெயரும் குடும்பப் பூசல் பற்றிய குறிப்பும் முதலில் தட்டச்சு செய்யப்பட்டுப் பின்னர்த் தொகுப்பாளரால் நீக்கப்பட்டிருந்தன.

மூலபாட ஆய்வு நோக்கில் இவை அரிய சான்றுகள். ஆயினும் பாடியவர் தம் வீட்டுத் துயரைப் பகிர்ந்தது தொகுப்பாளரிடம் கொண்ட நம்பிக்கையால். அவர் கருதி நீக்கியதைக் கருவியின் குறைபாட்டால் அறிந்தவர் வெளியிடுதல் தகாது. எனவே அப்பகுதிகள் மீட்புப் பதிவேட்டில் ‘நீக்கப்பட்ட பகுதி உண்டு’ என்னும் அளவில் மட்டும் சுட்டப்பட்டன, பொதுப்படியில் சேர்க்கப்படவில்லை. மீட்கத்தக்கது எல்லாம் வெளியிடத்தக்கது ஆகாது.

மீட்பைப் பதிப்பாக ஆவணப்படுத்தல்

மீட்கப்பட்ட தரவை ஒருங்குறிக் கோப்பாக மட்டும் தருவது, மூல ஏட்டைச் சுட்டாமல் நூலை வெளியிடுவதற்கு ஒப்பாகும். பின்வரும் ஆய்வாளர், எது பாடகியின் சொல், எது நிரலின் விளைவு, எது மீட்டவரின் துணிபு எனப் பிரித்தறிய வழியிருக்காது. எனவே ஒவ்வொரு மீட்பிலும் நான்கு பொருள்கள் ஒருங்கே காக்கப்படுதல் வேண்டும்.

முதலாவது, நாடாவிலிருந்து பெற்ற மாற்றப்படாத படிமமும் அதன் சரிபார்ப்பு எண்ணும். இரண்டாவது, அப்படிமத்திலிருந்து பிரித்த கோப்புகள், பழைய குறியேற்றத்திலேயே. மூன்றாவது, ஒருங்குறிக்கு மாற்றிய பாடம். நான்காவது, எழுத்துருவின் குறியேற்ற அட்டவணை, பயன்படுத்திய விதிகள், தனித்துத் துணிந்த இடங்கள், இழந்த பகுதிகள் ஆகியவற்றைக் கூறும் மீட்புப் பதிவேடு. பிற்காலத்தில் துணிபு பிழையெனத் தோன்றினால் இரண்டாம் நிலைக்குச் சென்று மீண்டும் தொடங்க இவை உதவும்.

இவற்றுள் நான்காவதைத் தாளிலும் அச்சிட்டு வைத்தல் நலம். ஒரு பக்க அளவிலான குறியேற்ற அட்டவணை நாடாக்களோடு அலமாரியில் இருந்திருந்தால், இம்மீட்பில் பல மாத உழைப்பு மிச்சமாகியிருக்கும். அதை எழுதி வைக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. எழுத்துரு என்றும் உடனிருக்கும் என்றே அனைவரும் கருதினர்.

முடிவுரை

ஏழு நாடாக்களுள் ஐந்து முழுமையாகவும், இரண்டு பகுதியளவிலும் மீட்கப்பட்டன. இம்மீட்பின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

இயங்குதள மாற்றத்தால் காப்புநாடா படிக்க இயலாததாகிவிடுவதில்லை. உரிய தலைமுறைக் கருவி கிட்டின், எவ்வியங்குதளம் எழுதிய நாடாவையும் படிமமாகப் பெறலாம். எனவே பழைய இயங்குதளம் மறைந்தது என்னும் காரணத்தால் நாடாக்களைக் கழித்தல் கூடாது.

வடிவத்தின் விவரக்குறிப்பு எழுத்தில் எஞ்சியிருப்பது, மென்பொருள் எஞ்சியிருப்பதைவிட நெடுநாள் பயன்தரும்.

குறியேற்ற மாற்றம் நடுநிலையான இயந்திரச் செயலன்று. எழுத்திலக்கணம் தீர்ப்பனவற்றை நிரலிடம் விடலாம். சொல்லும் பாடலும் தீர்ப்பனவற்றை அவ்வட்டார வழக்கறிந்த தமிழாய்வாளரே துணிய வேண்டும்.

பிழைதிருத்தியால் ‘செம்மைப்படுத்தப்பட்ட’ பழைய தரவுகள் வட்டார வழக்காய்வுக்குச் சான்றாகா. ஏற்கெனவே இவ்வாறு மாற்றப்பட்டுப் புழக்கத்தில் உள்ள தொகுப்புகளை, மூலக் கோப்புகள் கிட்டும் இடங்களில் ஒப்பிட்டு மீளாய்வு செய்தல் இன்றியமையாதது.

தமிழ்த்துறைகளின் அலமாரிகளில் இத்தகைய நாடாக்களும் நெகிழ்தட்டுகளும் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைத் தட்டச்சு செய்தோரும் எழுத்துருவின் பெயரையாவது நினைவில் வைத்திருப்போரும் பணி ஓய்வு பெற்றுவருகின்றனர். நாடா இன்னும் சில ஆண்டுகள் தாங்கலாம். அதைப் பற்றிய நினைவு அத்துணை நாள் தாங்காது. ஆதலின் நாடாக்களைத் தேடும் பணியை, அவற்றை எழுதியோரைச் சந்திப்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும்.